பிள்ளை வளர்க்கும் செலவும் பிடியரிசி வரலாறும்

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய செய்யுளொன்றை நம்மவருள் பள்ளி சென்றார் பலரும் மனனஞ் செய்திருப்பர். ஒரு மகனை ஆளாக்குதற்குரிய கடமைகளைத் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வேறு வேறாகப் பகுத்துக் கொடுப்பது அச்செய்யுள். யாம் அதனைப் பல்லாண்டு வகுப்பிற் பாடஞ் சொல்லியிருந்தும், மறக்குடி மகளிரின் நெஞ்சுரத்தை வியந்து கூறுவது என்னும் அளவிலேயே நின்றுவிட்டோம். அண்மையில் ஒரு நாள், அது பிள்ளை வளர்ப்பின் செலவுக் கணக்கும் ஆகும் என்பது எமக்குப் புலனாயிற்று. பெற்றார் இருவர் மட்டுமே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும் என்று அக்காலத்தார் எண்ணவில்லை. கொல்லன் என்பான் அண்டை வீட்டான். வேந்தன் என்பான் அரசு. நால்வர் பங்கிட்ட சுமை அது. அப்பாட்டின் மகன் இறுதியிற் போர்க்களம் புகுகிறான். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டுவதன்று. பங்கீடு மட்டும் வேண்டும்.

இவ்வெண்ணம் எமக்குத் தோன்றிய காரணத்தையும் கூறிவிடுகின்றோம். எமது பள்ளி மாலையில் விட்ட பிறகு, வாயிற் படியில் ஏழெட்டுச் சிறார் புத்தகப் பையை மடியில் வைத்தவாறு நாள்தோறும் உட்கார்ந்திருப்பர். வீட்டுக்குப் போகவில்லையா என்று வினவினால், "அம்மா ஆபீசிலிருந்து இன்னும் வரல, சார்" என்பர். நம் திருவேங்கடத்தார் வழக்கில் ஆபீசு என்றால் அரசு அலுவலகமன்று, தீப்பெட்டி ஆபீசே. காலையில் வேனேறிய தாயர் பொழுது சாய்ந்தே திரும்புவர். தந்தையருட் சிலர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலையிலிருக்கின்றனர். வீட்டிற் பாட்டியிருந்தால் பிள்ளை வீட்டிலிருக்கும். இல்லாவிடில் எம் பள்ளிப் படியில் இருக்கும். பள்ளிப் படியிலிருந்து நோக்கியபொழுது பொன்முடியார் பாட்டு வேறு வகையாகத் தெரிந்தது. ஆகவே, நம் பக்கத்திற் பிள்ளை வளர்க்கும் செலவை முன்னோர் எவ்வாறு பங்கிட்டனர் என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

நமது கரிசற் பூமி வானம் பார்த்தது. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விதைத்தவர் நம் பாட்டன்மார். மழை பொய்த்த ஆண்டிற் பிள்ளைகளை ஆடு மேய்க்க விட்டனர். மழை பெய்த ஆண்டிற் களை பறிக்க அழைத்தனர். இரண்டிலும் பள்ளிக்கு இடமில்லை. திண்ணைப் பள்ளி வைத்த ஆசிரியருக்குத் தானியமாகவும் பண்டமாகவும் கொடுக்க வல்லார் வீட்டுப் பிள்ளைகளே எழுத்தறிந்தனர். ஏனையோர்க்குப் பிள்ளை என்பது செலவன்று, வரவு. ஏழாம் வயதிலேயே கூலி கொணரும் கை. இதனைச் சொல்வதற்கு நமக்கு நாணம் உண்டாகலாம். ஆயினும் வரலாறு எழுதப் புகுந்தவன் இதனை மறைத்தல் தகாது.

இந்நிலையை மாற்றியவர் முதற்கண் அரசினரல்லர், ஊரார். நமக்கு வடகிழக்கேயுள்ள விருதுநகரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் நாடார் வணிகர் உறவின்முறை என்னும் அமைப்பின்கீழ், கைமாறும் சரக்கின்மீது சிறு தொகையொன்றை மகமை என்று பிடித்துப் பொதுநிதி திரட்டினர். கோயிற் செலவும் பேட்டைச் செலவும் போக எஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினர். 1885-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அதனை நடத்துதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே பிடியரிசி. இல்லத்தரசி உலைக்கு அரிசி எடுக்குங்கால் ஒரு பிடியைத் தனியே ஒரு கலத்திலிட்டு வைப்பாள். அதனை வீடுதோறுஞ் சென்று திரட்டி, விற்ற பணத்தைப் பள்ளிக்குச் செலவிடுவர். செல்வரிடம் நன்கொடை கேட்பது எளிது. அவர் பெயரைக் கல்லிற் பொறித்துவிட்டால் அதனோடு தீர்ந்தது. பிடியரிசியோ பெயர் பொறிக்கப்படாத கொடை. பிள்ளையில்லாதவளும் இட்டாள்; பிள்ளை பள்ளி செல்லும் வயது கடந்தவளும் இட்டாள்.

பிறர் குலத்துப் பெருமையை நம் சங்க இதழில் ஏன் எழுத வேண்டும் என்று நம் அன்பர் சிலர் கேட்கக்கூடும். நல்லதை எவர் செய்யினும் எழுதுதல் வேண்டும் என்பதே எம் விடை. அன்றியும், அந்தப் பிடியரிசிப் பள்ளியிற் பயின்ற பிள்ளையொன்றால் நம் குலப் பிள்ளைகளும் உண்டனர். அதனை இனிக் கூறுவோம்.

1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுநகரிற் பிறந்த காமராசர் அப்பள்ளியின் மாணவர். அவருக்கு ஆறு வயதான காலத்தில் தந்தையார் குமாரசாமி இறந்தார். அன்னை சிவகாமியம்மையார் தம் நகைகளிற் காதணி நீங்கலாக ஏனையவற்றை விற்று, அத்தொகையை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் வைப்பாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு குடும்பம் நடத்தினார். அந்த வட்டியில் எத்தனை நாள் பிள்ளையைப் படிக்கவைக்க இயலும்? ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவன் மாமனார் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தான். ஊரார் பள்ளியைக் கட்டித் தந்தனர். ஆயினும் ஒரு வீட்டின் வயிற்றுப்பாட்டை அப்பள்ளியால் தாங்க இயலவில்லை. பள்ளிக் கட்டணம் இல்லாவிடினும் பிள்ளைக்குச் செலவு உண்டு என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். பின்னாளில் அவர் செய்தவற்றிற்கு வேர் இங்கேயே இருக்கிறது என்பது எம் கருத்து.

சென்னை நகரில் இவ்வுண்மையை முன்னரே கண்டவர் ஒருவர் உண்டு. மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், 1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியிற் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் செலவிட வேண்டும் என்பது விதி. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. மாணவர் தொகை பெருகிற்று. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய ஆங்கில அரசு மறுத்தமையால் 1925-இல் நின்றுபோய், 1927-இல் மீண்டும் உயிர்பெற்றது. கல்வி வேறு, சோறு வேறு என்று கணக்கெழுதும் அறிவு அலுவலகங்களில் இன்றும் அற்றுப்போகவில்லை.

நிற்க. 1953-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றை நாம் விரிவாக நினைத்துப் பார்த்தல் வேண்டும். அன்றைய முதலமைச்சர் இராசாசி, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, நாளைக்கு மூன்று மணி நேரம் வீதம் இரு பிரிவாகப் பள்ளி நடத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மற்றைப் பொழுதிற் பிள்ளைகள் பெற்றோருடனிருந்து குடும்பத் தொழிலைக் கற்றல் வேண்டும் என்பது நோக்கம். ஆசிரியர்க்கும் கட்டடத்துக்கும் ஆகும் செலவை மிகுத்துக்கொள்ளாமல் மிகுதியான பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கலாம் என்பது கணக்கு. குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று, நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பி, அவர் 1954-இற் பதவி விலகிய பின் அது கைவிடப்பட்டது. சாதித் தொழிலிலேயே பிள்ளையைப் பூட்டிவிடும் என்பதே எதிர்த்தார் கூறிய பெருங்காரணம். அது முற்றிலும் நியாயமே. ஆயின் யாம் வேறொரு குறையையும் காண்கின்றோம். வீட்டிலே தந்தை இருப்பார், அவர் கையில் ஒரு தொழில் இருக்கும், அதனைக் கற்பிக்க அவருக்குப் பொழுதும் இருக்கும் என்று அத்திட்டம் எண்ணிக்கொண்டது. நம் கரிசற் காட்டிலே விடியுமுன் கூலிக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்தந்தையர் எப்பொழுதிற் கற்பிப்பர்? பள்ளி விட்டனுப்பும் பிள்ளை பூட்டிய கதவின் முன்தான் நிற்கும். பெற்றோர்க்கு ஓய்வு உண்டு என்று எண்ணுவது ஓய்வுள்ளார்க்கு இயல்பு போலும்.

இராசாசிக்குப் பின் முதலமைச்சரான காமராசர் தலைகீழாகக் கணக்கிட்டார். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதன்று. வீட்டிலுள்ள சோற்றைப் பள்ளிக்குக் கொணர்வதே வழி என்றார். நமக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த மண்ணில், 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணைநின்றார். முதலில் ஊரார் தாமே அரிசியும் பருப்பும் விறகும் தந்து நடத்தினர். 1957 முதல் அரசு பங்கேற்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 10 காசு. அதில் 6 காசு அரசினது, எஞ்சிய 4 காசு ஊராரது. அந்த 4 காசைக் கவனியுங்கள். விருதுநகர்ப் பிடியரிசியே அங்கு உருமாறி வந்து நிற்கிறது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பொருள்களும் சேர்ந்தன.

இவ்வளவும் நடந்தும் நம் பக்கத்திற் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கு வந்துவிடவில்லை. காரணம் தீப்பெட்டி. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இற் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி நிறுவிய அத்தொழில், மழையற்ற ஊர்களுக்குச் சோறு போட்டது என்பதில் ஐயமில்லை. சாத்தூர், கோவிற்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று பரவி நம் திருவேங்கடத்துக்கும் வந்தது. கட்டையிற் குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் எண்ணிக்கைக் கூலி. எத்தனை கை சேர்கின்றதோ அத்தனை காசு. எனவே தாயின் பக்கத்திற் பிள்ளையும் உட்கார்ந்தது. பின்னிரவிலேயே பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறாரை எழுப்பி ஏற்றிச் சென்றன. 1976-இல், அத்தகைய பேருந்தொன்று சிவகாசிப் பக்கத்தில் வெள்ளத்திற் சிக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். அந்தப் பிள்ளைகளை அனுப்பிய தாயரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. வேலைக்கு அனுப்பாத பிள்ளையை அவர்கள் யாரிடம் விட்டுச் செல்வர்? ஆபீசில் இருந்தால் கண்ணெதிரிலாவது இருக்கும் என்று எம்மிடம் கூறிய மூதாட்டியர் உளர்.

சட்டம் ஒருபுறம் வந்துகொண்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் ஒரு தொகைக்கு மேற்பட்டு வேலை செய்யுமிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைத்தல் வேண்டும் என விதித்தது. முதலில் ஐம்பதுக்கு மேல் என்றிருந்த அத்தொகை 1976-இல் முப்பதுக்கு மேல் என்று குறைக்கப்பட்டது. ஆயின் சிறு சிறு கொட்டகைகளாகவும் வீட்டு வேலையாகவும் பிரிந்து கிடந்த தொழிலில் அவ்வெண்ணிக்கையை எட்டாத இடங்கள் எத்தனையோ. 1986-இற் குழந்தைத் தொழில் தடைச் சட்டம் வந்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு தரும் தொழிலில் அமர்த்தப்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியிற் கட்டல் வேண்டும்; அப்பிள்ளையின் வீட்டில் வயதுவந்த ஒருவர்க்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்த்தல் வேண்டும்; அதன் வருவாய் பிள்ளை பள்ளியிலிருக்குங் காலத்துக் குடும்பத்துக்குச் சேரும். பிள்ளை பள்ளியிலிருந்தால் வீட்டுக்கு ஏற்படும் இழப்பை நீதிமன்றமே காசாக எண்ணி எழுதியது இத்தீர்ப்பில்தான். இற்றைநாளில் நம்மூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றனர். அது சிறு செயலன்று.

சத்துணவுத் திட்டத்தை நம் வாசகர் பலரும் உண்டே அறிந்திருப்பராதலின் சுருங்கக் கூறுகின்றோம். ம. கோ. இராமச்சந்திரனார் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். வீண் செலவு என்றார் சிலர். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பாலவாடியிற் சோறு கிடைத்தமையால், அக்காள்மார் தம்பியைச் சுமந்துகொண்டு வீட்டிலிருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எம் அன்னையார் கூறுவார். 1989-இல் முட்டை சேர்ந்தது. 2001-இல் உச்சநீதிமன்றம், சமைத்த உணவை நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வழங்க ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல்லாண்டு உண்டு பழகியிருந்தனர்.

காலை உணவுத் திட்டம் இவ்வரலாற்றில் வேறுபட்டது என்பது எம் எண்ணம். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளிலும், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் பரவிற்று. தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் 75 காசு எனக் கணக்கிட்டனர். உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியன. மதிய உணவு வறுமையைக் கண்டு பிறந்தது. காலை உணவோ பொழுதின்மையையும் கண்டு பிறந்தது. வீட்டில் அரிசி இருக்கிறது. ஆனால் வேன் வருமுன் சமைத்து ஊட்டத் தாய்க்கு நேரமில்லை. தாயின் நேரமும் பிள்ளை வளர்க்கும் செலவில் ஒன்று என்பதை அரசு இங்கே ஒருவாறு ஒப்புக்கொண்டது. சமைப்பவரும் மகளிர் சுய உதவிக் குழுவினர். தம் பிள்ளை அப்பள்ளியிற் படிப்பவராயிருத்தல் வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றனர். தன் பிள்ளைக்கு இடும் கை பிறர் பிள்ளைக்கும் இடுகிறது.

காலைக்கு வழி பிறந்தது. நண்பகலுக்கு எப்பொழுதோ பிறந்தது. மாலைக்கு? 2021-இல் தொடங்கிய இல்லந்தேடிக் கல்வி மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலரைக் கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வைத்தது. பெருந்தொற்றிற் பின்தங்கிய பாடத்தை ஈடுசெய்தலே அதன் நோக்கம். வேலைக்குப் போன தாய்க்குத் துணைநிற்றல் அன்று. எனினும் தாயர் அதனை அவ்வாறே பயன்படுத்திக்கொண்டனர் என்பதை யாம் கண்டோம்.

இவ்விடைவெளியைக் காசு கொடுத்து அடைப்போரும் உளர். ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு அனுப்பினால் வேன் வாயிலில் வந்து ஏற்றும். மாலையிலும் தனிப்பாடம் என்று நெடுநேரம் வைத்துக்கொள்வர். அன்னை நாள்முழுதும் பெட்டி ஒட்டிய கூலியிற் பெரும்பகுதி கட்டணமாகவும் வேன் வாடகையாகவும் செல்கிறது. ஆங்கிலத்தின்மீதுள்ள ஆசையே காரணம் என்று யாமும் பலகால் குறைகூறியதுண்டு. தமிழ் கற்பிக்கும் எமக்கு அவ்வாறு சொல்லுதல் எளிது. அத்தாயர் சிலரை நேரிற் கேட்டபோது, ஆங்கிலத்தைப் பற்றி ஒருவரும் முதலிற் சொல்லவில்லை. "நான் வர்ற வரைக்கும் பிள்ளை பத்திரமா இருக்கும்" என்பதே முதலில் வந்த விடை. அன்றிலிருந்து யாம் அக்குறை கூறுவதை விட்டுவிட்டோம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நம் சங்க நிதியைக் குறித்து நடந்த வாதத்தை அன்பர்கள் மறந்திரார். மண்டபத்தின் உணவுக்கூடத்தை விரிவாக்கல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். படிப்பில் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசுத் தொகையை உயர்த்தல் வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இரண்டும் நல்லனவே. ஆயினும் முதன்மை பெறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மாலையில் விளக்கேற்றி உடனிருக்க ஒருவர் உளர். பள்ளிப் படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பரிசுப் பட்டியலில் வருவது அரிது. யாம் அன்று எழுந்து பேசாமைக்குக் காரணம் கூச்சமேயன்றி வேறில்லை. இப்பொழுது எழுதுகின்றோம்.

கணக்கு இது. ஒரு பிடி அரிசி ஏறக்குறைய 40 கிராம். நம் சங்கத்து வீடுகளில் 200 மட்டும் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைப்பின் நாளொன்றுக்கு 8 கிலோ. திங்களுக்கு 240 கிலோ. கிலோ 50 ரூபாய் எனக் கொண்டால் 12,000 ரூபாய். மாலை நான்கு மணி முதல் ஏழு மணிவரை பிள்ளைகளைக் கூட்டி வைத்து, சுண்டலோ கொழுக்கட்டையோ கொடுத்து, வீட்டுப்பாடம் எழுதச் செய்ய நம் குலத்துப் படித்த பெண்மணி ஒருவர்க்குச் சம்பளமும் சிற்றுண்டிச் செலவும் அதனுள் அடங்கும் என்று எம் மனைவியார் கணக்கிட்டுச் சொல்கின்றார். அவர் கணக்கு தவறுவது அரிது. எக்குலத்துப் பிள்ளையாயினும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எம் விருப்பம். பள்ளிப் படியில் அவர்கள் குலம் பார்த்து உட்காரவில்லை. அரிசியைத் திரட்டும் பொறுப்பை இளைஞர் அணியினர் ஏற்றால் வெள்ளிதோறும் மாலையில் ஒரு சுற்று போதும்.

இடத்துக்குப் புதிதாகச் செலவில்லை. நமது சங்க மண்டபம் முகூர்த்தமில்லாத நாட்களிற் பூட்டியே கிடக்கிறது. திறவுகோல் பொருளாளரிடம் உள்ளது. தை பிறந்தபின் கூடும் செயற்குழுவில் இதனை எடுத்துப் பேசுமாறு அவருக்கு யாம் எழுதியிருக்கின்றோம்.